மான்செஸ்டரில் படிக்கப் போகும் இலங்கை மாணவிக்கு அங்கே எம்.பி. உண்டா?

மரைன்_டிரைவ் (வெள்ளவத்தை)

அக்காவின்ர மகள் செப்டெம்பரில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்கு முதுமாணி படிக்கப் போறா. இலங்கைக் கடவுச்சீட்டு, மாணவர் விசா. தங்குமிடம் இன்னும் முடிவாகேல்ல. ஃபாலோஃபீல்டில் பல்கலைக்கழக விடுதி, இல்லாட்டி நகர மத்தியில் ஒரு வாடகை அறை.

நாலு விஷயம் தெரிய வேணும். அங்கே தேர்தல் வந்தால் அவ வாக்குப் போடலாம் எண்டு ஒருத்தர் சொல்றார், விசாவில இருக்கிறவைக்கு அதெல்லாம் இல்லை எண்டு இன்னொருத்தர் சொல்றார். எது சரி? அடுத்தது, இங்கே கொழும்பு மாவட்டத்துக்கு 18 எம்.பி., எந்தக் கட்சிக்காரரிட்டயும் எந்த அலுவலுக்கும் போகலாம். மான்செஸ்டருக்கு எத்தனை பேர், யாரிட்ட போறது? மூண்டாவது, பட்டமளிப்புக்கு அக்கா விசிட் விசா போடுவா. அது இழுபட்டால் அங்கத்தைய எம்.பி. ஒரு கடிதம் குடுத்தால் அலுவல் நடக்குமா? கடைசியா, அக்கா போனால் வெஸ்ட்மின்ஸ்டர் பாராளுமன்றத்துக்குள்ள போய்ப் பார்க்க ஏலுமா, அதுக்கு யாரைப் பிடிக்க வேணும்?

இணையத்தில் தேடினால் பழைய விபரமும் புது விபரமும் கலந்து வருது. சரியாத் தெரிஞ்சவை சொல்லுங்கோ.

இடாப்புக்காரன் (கொட்டாஞ்சேனை)

முதல் கேள்விக்கு: போடலாம். பொதுநலவாய நாட்டுப் பிரசையாக இருந்து, 18 வயது நிரம்பி, அங்கே வதிந்து, செல்லுபடியாகும் விசாவும் இருந்தால் போதும். பாராளுமன்றத் தேர்தல், மாநகர சபைத் தேர்தல், மேயர் தேர்தல் மூன்றிலும் வாக்கு உண்டு. இந்திய, பாகிஸ்தான், நைஜீரிய மாணவருக்கும் அப்படியே. பக்கத்து அறையில் இருக்கும் ஜெர்மன்காரருக்கோ பிரெஞ்சுக்காரருக்கோ பாராளுமன்றத் தேர்தலில் வாக்கில்லை. விசிட் விசாவில் வருகிறவர் அங்கே வதிபவர் அல்லர், ஆகவே அம்மாவுக்கு இது பொருந்தாது.

ஆனால் பெயர் தானாக ஏறாது. கிராம சேவகர் படிவம் கொண்டுவந்து வீட்டுக்காரர் எல்லாருடைய பெயரையும் எழுதிக் கொடுக்கும் எங்கள் முறை அங்கே இல்லை. 2014 முதல் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதிய வேண்டும். அரசின் இணையத்தளத்தில் ஐந்து நிமிட வேலை: நாடு இங்கிலாந்து, பிரசாவுரிமை இலங்கை, பிறந்த திகதி, முகவரி, தேசிய காப்புறுதி எண் (வேலை, வரிக் கணக்குக்கு அங்கே தரும் இலக்கம்). புதிதாகப் போன மாணவருக்கு அந்த எண் இருக்காது. இல்லை என்று குறித்துவிட்டு மேலே போகலாம். அதன் பிறகு மாநகர சபை கடவுச்சீட்டுப் பிரதி கேட்டு எழுதும். பலருடைய விண்ணப்பம் நின்றுபோவது இந்த இடத்தில்தான். கடிதம் விடுதித் தபால் பெட்டியில் கிடக்கும், மின்னஞ்சல் ஸ்பாமில் கிடக்கும், பெயர் ஏறியிருக்காது.

வாக்காளர் இடாப்பு இரண்டு வகை. ஒன்று தேர்தலுக்கு. மற்றது காசு கொடுத்தால் யாரும் வாங்கக்கூடிய திறந்த இடாப்பு. இரண்டாவதில் பெயர் வர வேண்டாம் என்பதற்கு ஒரு பெட்டி இருக்கும், அதைக் குறித்துவிடச் சொல்லுங்கள். முதலாவதில் பெயர் இருப்பது வங்கி, கைத்தொலைபேசி ஒப்பந்தம் போன்றவற்றில் கடன் தகுதி பார்க்கும்போதும் உதவும். வாக்குப் போடாவிட்டாலும் பதிவதில் லாபம் உண்டு.

பெயர் விஷயத்தில் எங்கள் ஆட்களுக்கு வழக்கமாக வரும் சிக்கல்: பல்கலைக்கழகத்தில் ஒரு ஒழுங்கு, வங்கியில் இன்னொரு ஒழுங்கு, இடாப்பில் இனிஷல் மட்டும். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எது, மற்றப் பெயர்கள் கட்டத்தில் எது இருக்கிறதோ, அப்படியே பதியட்டும். வாக்களிப்பு நிலையத்தில் அடையாளப் பத்திரத்தையும் இடாப்பையும் ஒப்பிட்டுத்தான் வாக்குச்சீட்டுத் தருவார்கள்.

அடையாளப் பத்திரம் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 2023 முதல் படத்துடன் கூடிய அடையாளம் கட்டாயம். பொதுநலவாய நாட்டுக் கடவுச்சீட்டு ஏற்றுக்கொள்ளப்படும், எனவே இலங்கைக் கடவுச்சீட்டுப் போதும். காலாவதியாகியிருந்தாலும் முகம் அடையாளம் தெரிந்தால் சரி. பல்கலைக்கழக அட்டை செல்லாது. இலங்கைத் தேசிய அடையாள அட்டையும், இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரமும் செல்லாது. கடவுச்சீட்டு கையில் இல்லாத காலமென்றால் வாக்காளர் அத்தாட்சிப் பத்திரம் என்று ஒன்றை இலவசமாக எடுக்கலாம்.

கடைசி நாட்கள் வேலை நாள் கணக்கில் வரும். பதிவுக்கு வாக்களிப்புக்கு 12 வேலை நாள் முன்னர் நள்ளிரவு. தபால் வாக்குக்கு 11 வேலை நாள் முன்னர் மாலை 5 மணி. அந்த அத்தாட்சிப் பத்திரத்துக்கு 6 வேலை நாள் முன்னர் மாலை 5 மணி. 2024 ஜூலை 4 தேர்தலை வைத்துப் பார்த்தால் அவை ஜூன் 18, 19, 26.

வாக்குச்சீட்டில் ஒரேயொரு புள்ளடி. விருப்பு வாக்கு இலக்கம் எதுவும் கிடையாது. காலை 7 முதல் இரவு 10 வரை போடலாம். முகவரி மாறினால் புதிதாகப் பதிய வேண்டும், பழைய பதிவு பின்னாலேயே வராது.

பஸ்_138

மான்செஸ்டருக்கு 27 எம்.பி. அண்ணா. எல்லாருமே கிட்டத்தட்ட லேபர்.

வரைபடப்_பிரியை (பம்பலப்பிட்டி)

27 என்பது கிரேட்டர் மான்செஸ்டர், அதாவது பத்து உள்ளூராட்சிச் சபைகள் சேர்ந்த பெரும் பிரதேசம். மான்செஸ்டர் மாநகர சபையின் எல்லைக்குள் வருவது ஆறு தொகுதிகள், அந்த ஆறிலும் நான்கு எல்லையைத் தாண்டி வெளியே நீள்கின்றன.

மான்செஸ்டர் சென்ட்ரல்: நகர மத்தி, பிக்கடிலி, டீன்ஸ்கேட். ஓல்டம் பக்கத்து ஃபெயில்ஸ்வேர்த்தும் இதற்குள்.
மான்செஸ்டர் ரஷோம்: ரஷோம், ஃபாலோஃபீல்ட், ஹியூம், மொஸ் சைட், ஆர்ட்விக், வாலி ரேஞ்ச்.
மான்செஸ்டர் விதிங்டன்: விதிங்டன், டிட்ஸ்பரி, சோர்ல்டன் பக்கம்.
கோர்ட்டன் அண்ட் டென்டன்: லெவன்ஷூம், லோங்சைட், பேர்னேஜ், கோர்ட்டன். டென்டன் டேம்சைட் சபைக்குரியது.
பிளாக்லி அண்ட் மிடில்டன் சவுத்: வடக்கு. மிடில்டன் ரொச்டேல் சபைக்குரியது.
விதன்ஷோ அண்ட் சேல் ஈஸ்ட்: தெற்கு, விமான நிலையம் உட்பட. சேல் டிரஃபோர்ட் சபைக்குரியது.

இப்படிக் குறுக்கும் மறுக்குமாக வெட்டியதற்குக் காரணம் எண்ணிக்கை. 2024இல் அமுலுக்கு வந்த எல்லை நிர்ணயத்தில், சில தீவுத் தொகுதிகள் தவிர, ஒவ்வொரு தொகுதியிலும் 69,724க்குக் குறையாமலும் 77,062க்குக் கூடாமலும் வாக்காளர் இருக்க வேண்டும் என்று சட்டம். சபை எல்லையை மதித்தால் அந்தக் கணக்கு வராது. "மான்செஸ்டர் கோர்ட்டன்" என்று ஒரு தொகுதி பழைய பக்கங்களில் இன்னும் கிடக்கும். அது 2024இல் கலைக்கப்பட்டு, ஒரு பகுதி ரஷோமுக்கும் மறு பகுதி கோர்ட்டன் அண்ட் டென்டனுக்கும் போய்விட்டது. கேள்வி கேட்டவருக்குக் குழப்பம் வந்தது பெரும்பாலும் இதனால்தான்.

ஆக, மருமகள் ஃபாலோஃபீல்டில் இருந்தால் ரஷோம், நகர மத்தியில் இருந்தால் சென்ட்ரல். இரண்டு இடத்துக்கும் நடுவில் பஸ்ஸில் அரை மணித்தியாலம்கூட இல்லை, ஆனால் எம்.பி. வேறு. பாராளுமன்ற இணையத்தளத்தில் போஸ்ட்கோட்டைப் போட்டால் பெயர் வரும். எல்லையோர வீதிகளில் அடுத்தடுத்த போஸ்ட்கோட் வேறு வேறு தொகுதிக்குப் போகும், எனவே பகுதியின் பெயரை வைத்து ஊகிக்க வேண்டாம்.

இன்னொன்று. சல்ஃபோர்ட் தனி மாநகரம், தனி எம்.பி. முரளி லங்காஷயருக்கு ஆடிய ஓல்ட் டிரஃபோர்ட் மைதானமும் மான்செஸ்டர் சபைக்குள் இல்லை. அது டிரஃபோர்ட் சபை, ஸ்ட்ரெட்ஃபோர்ட் அண்ட் அர்ம்ஸ்டன் தொகுதி. வாடகை விளம்பரத்தில் "மான்செஸ்டர்" என்று போட்டிருந்தாலும் இந்த இடங்களாக இருக்கலாம்.

கோவை_இலக்கம்

மூன்றாவது கேள்விக்குத்தான் இங்கே நிறையப் பேர் தவறான விளக்கத்தோடு போகிறார்கள், அதனால் விரிவாக எழுதுகிறேன்.

பிரித்தானிய எம்.பி. தன் தொகுதியில் வதிபவரின் அலுவலை மட்டுமே எடுப்பார். வேறு தொகுதிக்காரர் எழுதினால் "உங்கள் எம்.பி.யிடம் போங்கள்" என்ற இரண்டு வரிப் பதில் வரும். கட்சி பார்ப்பதில்லை, வாக்குப் போட்டீர்களா என்று கேட்பதில்லை, வாக்குரிமையே இல்லாதவரும் போகலாம். முகவரி ஒன்றுதான் தகுதி. கொழும்பில் இருக்கும் அக்காவுக்கு அங்கே எம்.பி. கிடையாது, எழுத வேண்டியவர் மகள்.

எழுதும்போது முதல் வரியிலேயே முழு முகவரி, போஸ்ட்கோட், தொலைபேசி எண். அதன் கீழே:

விண்ணப்பதாரரின் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடி, பிறந்த திகதி, பிரசாவுரிமை;
ஜி.டபிள்யூ.எஃப். என்று தொடங்கும் விண்ணப்ப எண்;
எந்த வகை விசா, கைரேகை கொடுத்த திகதி, கொடுத்த இடம் கொழும்பு;
பயணம் செய்ய வேண்டிய திகதியும் காரணமும், பட்டமளிப்பு அழைப்பின் பிரதியுடன்;
விசாவைத் தீர்மானிக்கும் உள்துறை அமைச்சிடமிருந்து இதுவரை வந்த மின்னஞ்சல்கள்;
எம்.பி. என்ன செய்ய வேண்டும் என்று ஒரே ஒரு வாக்கியம். "விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்டுத் தர வேண்டும்" என்பது நல்ல வாக்கியம். "விசா எடுத்துத் தர வேண்டும்" என்பதற்கு அவரால் எதுவும் செய்ய முடியாது.

கூடவே, "என் விபரங்களை எம்.பி. அலுவலகத்துடன் பகிரச் சம்மதிக்கிறேன்" என்று அக்கா கையெழுத்திட்ட ஒரு கடிதத்தை ஸ்கான் செய்து அனுப்புங்கள். அது இல்லாமல் அனுப்பினால் பல அலுவலகங்கள் திருப்பிக் கேட்கும், ஒரு கிழமை போய்விடும்.

அனுப்பவேண்டியது எம்.பி.யின் பாராளுமன்ற மின்னஞ்சலுக்கு. எக்ஸிலோ முகநூல் மெசஞ்சரிலோ அனுப்ப வேண்டாம். தாளில் எழுதுவதென்றால் ஹவுஸ் ஒஃப் கொமன்ஸ், லண்டன், எஸ்.டபிள்யூ.1ஏ 0ஏஏ. வாசிப்பது பெரும்பாலும் எம்.பி. இல்லை, அவருடைய அலுவலகத்தில் இந்த வேலைக்கென்றே இருக்கும் உத்தியோகத்தர். அவர்கள் உள்துறையில் எம்.பி.க்களுக்கென உள்ள தனி வழியில் கேட்பார்கள். நேரே சந்திக்க வேண்டுமென்றால் தொகுதியில் "சேர்ஜரி" நாள் வைப்பார்கள், வழக்கமாக வெள்ளி அல்லது சனி, ஏனென்றால் திங்கள் முதல் வியாழன் வரை அவர்கள் லண்டனில். முன்கூட்டியே நேரம் எடுக்க வேண்டும்.

எப்போது எழுதுவது என்பதில் பிழைவிடுகிறார்கள். விசிட் விசாவுக்கு வழக்கமான காலம் கைரேகை கொடுத்து மூன்று கிழமை. பத்தாம் நாள் எழுதினால் "இன்னும் காலம் இருக்கிறது" என்ற அச்சடித்த பதில்தான் வரும், அதற்குப் பிறகு உண்மையாகவே தாமதமானால் இரண்டாம் தடவை கேட்பதில் வேகம் இராது. மூன்று கிழமை கடந்த பிறகு எழுதுங்கள். பாராளுமன்றம் கலைக்கப்பட்ட காலத்தில் எம்.பி. என்று ஒருவரே இருக்க மாட்டார். 2024இல் மே 30 முதல் தேர்தல் வரை அப்படித்தான் இருந்தது. அந்த நேரம் புதிய அலுவல் எடுக்க ஆளில்லை.

மறுத்துவிட்டால்? எம்.பி. அந்தத் தீர்மானத்தை மாற்ற முடியாது. விசிட் விசா மறுப்புக்கு மேன்முறையீடும் கிடையாது. மறுப்புக் கடிதத்தை வரிக்கு வரி வாசித்து, சொன்ன குறையைத் திருத்தி, புதிதாகப் போடுவதுதான் நடைமுறையில் வழி. அடிக்கடி வரும் காரணம், விண்ணப்பத்துக்குச் சில நாள் முன்னர் வங்கியில் பெருந்தொகை வந்து, எங்கிருந்து வந்தது என்று காட்டாதது. மாணவியே அம்மாவின் செலவைப் பொறுப்பேற்பதாகக் கடிதம் கொடுப்பதும் பலவீனம், ஏனென்றால் மாணவியின் வருமானம் அதைத் தாங்காது என்று அவர்களுக்குத் தெரியும். அக்காவின் சொந்த வருமானம், ஓய்வூதியம், காணி உறுதி, இங்கே திரும்பி வரக் காரணமானவை முன்னுக்கு நிற்க வேண்டும்.

குடும்ப விசா வேறு கதை. அங்கே மனித உரிமை அடிப்படையில் மேன்முறையீடு உண்டு, இங்கிருந்து போடுபவருக்கு 28 நாள். அதற்குச் சட்டத்தரணி தேவை, எம்.பி. கடிதம் அதற்கு ஈடாகாது.

எம்.பி. செய்யாதவை: நீதிமன்ற வழக்கு, வீட்டுக்காரரோடு சண்டை, பல்கலைக்கழகப் புள்ளி. குப்பை எடுக்கவில்லை, வீதி விளக்கு எரியவில்லை என்றால் வட்டார உறுப்பினர். மாநகர சபையில் 32 வட்டாரம், வட்டாரத்துக்கு மூவர், மொத்தம் 96 பேர்.

மல்லிகைப்பந்தல்

"எம்.பி. கடிதம் எடுத்துத் தருகிறோம்" என்று காசு கேட்பவர்களிடம் அகப்பட வேண்டாம். எம்.பி. அலுவலகச் சேவை முழுக்க இலவசம், நடுவில் ஆள் தேவையில்லை. அதற்கு மேல் எனக்கு அந்தக் கடிதங்களில் பெரிய நம்பிக்கை இல்லை. பெட்டியில் உறங்கும் கோவையை (ஃபைலை) எழுப்பும், அவ்வளவுதான்.

கோவை_இலக்கம்

எழுப்புவதே பாதி அலுவல், அக்கா. எம்.பி. கேட்டால் உள்துறை எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலில் "கூடுதல் ஆவணம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினோம்" என்று இருக்கும், அப்போதுதான் விண்ணப்பத்தில் மின்னஞ்சல் முகவரி ஓர் எழுத்துப் பிசகாக இருந்தது தெரியவரும். விண்ணப்பத்தை வேறொருவர் நிரப்பிக் கொடுத்திருந்தால் இதை முதலில் பாருங்கள்.

மரைன்_டிரைவ்

எல்லாருக்கும் நன்றி. இதோட சேர்ந்து இன்னும் இரண்டு. வாட்ஸ்அப் குழுவில் பிரித்தானியப் பாராளுமன்ற மனு எண்டு லிங்க் வரும், கையெழுத்து வையுங்கோ எண்டு. கொழும்பில இருந்து வைக்கலாமா? மற்றது, மான்செஸ்டருக்கு மேயர் ஒருத்தர் பெயர் பெற்றவராய் இருந்தாரே, மேயர் இருக்க எம்.பி. என்னத்துக்கு?

இடாப்புக்காரன் (கொட்டாஞ்சேனை)

மனு: பிரித்தானியப் பிரசைகளும் அங்கே வதிபவர்களும் மட்டும். கொழும்பில் இருக்கும் இலங்கைப் பிரசை வைக்கக் கூடாது, "நான் பிரித்தானியப் பிரசை அல்லது அங்கே வதிபவர்" என்ற பெட்டியைக் குறித்தால்தான் மேலே போகும். பொய்யாகக் குறிப்பதால் மனுவுக்குத்தான் கேடு, சந்தேகமான கையெழுத்தைக் கழித்துவிடுவார்கள். மருமகள் அங்கே போன பிறகு தாராளமாக வைக்கலாம். 10,000 கையெழுத்துக்கு அரசாங்கம் பதில் எழுதும். 100,000 தாண்டினால் விவாதத்துக்கு எடுப்பதைப் பரிசீலிப்பார்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. ஆறு மாதத்தில் மனு மூடப்படும். எந்தத் தொகுதியில் எத்தனை கையெழுத்து என்று வரைபடம் காட்டும், எம்.பி.க்கள் பார்ப்பது அதைத்தான்.

வெள்ளவத்தையில் இரட்டைப் பிரசாவுரிமைக்காரர் நிறைய இருப்பதால் இதையும் சொல்கிறேன். பிரித்தானியப் பிரசையாகி இங்கே திரும்பி வந்திருப்பவர், கடைசியாக இருந்த முகவரி மான்செஸ்டர் என்றால் அந்தத் தொகுதியிலேயே வெளிநாட்டு வாக்காளராகப் பதியலாம். முன்னர் 15 வருட எல்லை இருந்தது, 2024 ஜனவரி 16 முதல் அது நீக்கப்பட்டுவிட்டது. பதிவை மூன்று வருடத்துக்கொரு தடவை புதுப்பிக்க வேண்டும். தபால் வாக்கை மட்டும் நம்ப வேண்டாம். வாக்குச்சீட்டு அச்சாகி, கொழும்புக்கு வந்து, திரும்பிப் போக நாள் போதாது. அங்கே இருக்கும் ஒருவரை ப்ராக்ஸியாக நியமித்து அவர் கையால் போடுவிப்பதே பாதுகாப்பு. பாராளுமன்றத் தேர்தலுக்கு மட்டும்தான் இது, உள்ளூராட்சிக்கு இல்லை.

பருத்திக்_கால்வாய் (தெஹிவளை)

மேயர் கேள்விக்கு வருகிறேன். முதலில் அங்கே இரண்டு மேயர். லோர்ட் மேயர் மாநகர சபையின் சம்பிரதாயப் பதவி. மற்றவர் பத்துச் சபைகளுக்கும் பொதுவான கிரேட்டர் மான்செஸ்டர் மேயர், 2017இல்தான் முதல் தேர்தல், வென்றவர் அன்டி பேர்ன்ஹாம். அவர் அதற்கு முன் லீ தொகுதியின் எம்.பி. பஸ், டிராம், பொலிஸ், தீயணைப்பு மேயர் பக்கம். குடிவரவு, வருமான வரி, சமூகக் கொடுப்பனவு, சட்டம் எல்லாம் வெஸ்ட்மின்ஸ்டர் பக்கம். பஸ் வரவில்லை என்றால் மேயர், விசா வரவில்லை என்றால் எம்.பி.

ஆனால் விஷயம் இதைவிட ஆழம். அங்கே ஒரு மாநகரத்துக்கு என்ன அதிகாரம் என்பதைப் பாராளுமன்றச் சட்டம் ஒவ்வொன்றாகக் கொடுக்கிறது, நினைத்தால் எடுத்தும் விடுகிறது. மான்செஸ்டர் இதை நீண்ட காலத்துக்கு முன்பே பட்டுத் தெரிந்துகொண்ட ஊர்.

1654இலும் 1656இலும் குரொம்வெல் காலப் பாராளுமன்றங்களில் ஓர் உறுப்பினர் இருந்தார். அதை விட்டால் 1832 வரை மான்செஸ்டருக்கு எம்.பி. கிடையாது. உலகத்துக்கே பருத்தித் துணி நெய்த நகரத்துக்கு இல்லை, ஆனால் ஓல்ட் சேரம் என்ற வெறும் மண்மேட்டுக்கு இரண்டு எம்.பி. 1819 ஓகஸ்ட் 16 அன்று சென் பீட்டர்ஸ் ஃபீல்டில் ஏறத்தாழ 60,000 பேர் இதைக் கேட்டுக் கூடினார்கள், குதிரைப்படை வாளோடு புகுந்தது. பீட்டர்லூ படுகொலை என்பது அதுதான். 1832 சீர்திருத்தச் சட்டம் இரண்டு எம்.பி.க்களைக் கொடுத்தது. 1867இல் மூன்றாவது. 1885இல் நகரத்தை ஆறாகப் பிரித்துத் தொகுதிக்கு ஒருவர். எங்கள் பழைய கொழும்பு மத்தி மூன்று உறுப்பினர் தொகுதியாக இருந்ததை அறிந்தவர்களுக்கு அந்த நடுக்கால ஏற்பாடு புரியும்.

இடாப்பில் பெயர் இருப்பதுதான் முக்கியம் என்று இடாப்புக்காரன் சொன்னதற்கு ஒரு பழைய சாட்சியும் உண்டு. 1867 நவம்பர் இடைத்தேர்தலில் லிலி மக்ஸ்வெல் என்ற கடைக்காரப் பெண்ணின் பெயர் தவறுதலாக இடாப்பில் ஏறியிருந்தது. பெயர் இருந்ததால் அதிகாரியால் மறுக்க முடியவில்லை, வாக்குப் போட்டார். அதைப் பார்த்து ஆயிரக்கணக்கான மான்செஸ்டர்ப் பெண்கள் பதியக் கேட்டார்கள், 1868இல் நீதிமன்றம் முடியாது என்று தீர்த்தது. 1903இல் பான்க்ஹேர்ஸ்ட் குடும்பம் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தைத் தொடங்கிய நெல்சன் வீதி வீடு பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில்தான், மருமகள் நடந்தே போய்ப் பார்க்கலாம்.

அதிகாரம் கேட்டு வாங்கும் முறைக்கு நல்ல உதாரணம் கப்பல் கால்வாய். லிவர்பூல் துறைமுகக் கட்டணமும் ரயில் கட்டணமும் தாங்காமல், கப்பலை நேரே நகரத்துக்குக் கொண்டுவர ஒரு கால்வாய் வெட்ட நினைத்தார்கள். காணி எடுக்கவும் ஆற்றை மறிக்கவும் பாராளுமன்றத்தில் தனிச் சட்டமூலம் தேவை. 1883இல் கீழ்ச்சபை ஏற்றது, பிரபுக்கள் சபை தள்ளியது. 1884இல் பிரபுக்கள் ஏற்றார்கள், கீழ்ச்சபைக் குழு தள்ளியது. எதிராளிகளின் வலுவான வாதம், மேர்சி ஆற்று முகத்தில் கட்டும் சுவர்களால் மணல் சேர்ந்து லிவர்பூல் துறைமுகம் தூர்ந்துவிடும் என்பது. மூன்றாம் தடவை பொறியியலாளர் ஆற்று முகத்தை விட்டுவிட்டுச் செஷயர் கரையோரமாக ஈஸ்ட்டம் வரை கால்வாயைக் கொண்டுபோனார், வாதத்தின் வேர் அறுந்தது, 1885 ஓகஸ்டில் சட்டம் ஆனது. வேலை தொடங்குமுன் 50 இலட்சம் பவுண் மூலதனம் திரட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. 36 மைல், திறந்தது 1894. நடுவில் காசு முடிந்தபோது கைகொடுத்தது மாநகர சபை, பதிலுக்குப் பணிப்பாளர் சபையில் பெரும்பான்மை வாங்கிக்கொண்டது.

கொடுத்ததை எடுத்ததற்கு உதாரணம் 1986. பத்துச் சபைகளுக்கும் மேலே இருந்த கிரேட்டர் மான்செஸ்டர் கவுன்ட்டி சபையை, சாதாரணப் பெரும்பான்மையால் நிறைவேறிய 1985 சட்டத்தின் மூலம் தட்சர் அரசாங்கம் கலைத்தது. 2011இல் கூட்டுச் சபை வரும்வரை கால் நூற்றாண்டு அந்த மட்டத்தில் மன்றமே இல்லை. எங்கள் 13ஆம் திருத்தம் அரசியலமைப்பில் எழுதப்பட்டிருக்கிறது, மாகாண சபைத் தேர்தல்தான் 2014க்குப் பிறகு நடக்கவில்லை. அவர்களிடம் எழுதிய அரசியலமைப்பே இல்லை, தேர்தல் தவறாமல் நடக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குக் கொஞ்சம் கசப்புத்தான்.

2014 நவம்பரில் நிதியமைச்சர் ஒஸ்போர்னோடு பத்துச் சபைத் தலைவர்களும் ஒப்பந்தம் செய்தார்கள்: நேரடியாகத் தெரிவான மேயரை ஏற்றுக்கொள், அதிகாரம் தருகிறேன். 2017 பஸ் சேவைச் சட்டம் வந்த பிறகுதான் தனியார் பஸ்களை மேயர் கட்டுப்பாட்டுக்குள் எடுக்க முடிந்தது. முதல் மஞ்சள் பஸ் 2023 செப்டெம்பரில், முழுப் பிரதேசமும் 2025 ஜனவரியில். சட்டத்திலிருந்து முதல் பஸ்ஸுக்கு ஆறு வருடம்.

மேயரால் முடியாததற்கு உதாரணம் அதிவேக ரயில். பேர்மிங்கம் தாண்டி மான்செஸ்டர் வரை வரவேண்டிய எச்.எஸ்.2 பகுதியைப் பிரதமர் சுனக் 2023 ஒக்டோபர் 4 அன்று ரத்துச் செய்தார். சொன்ன இடம் மான்செஸ்டர் சென்ட்ரல் மாநாட்டு மண்டபம், அது 1969இல் மூடப்பட்ட பழைய ரயில் நிலையம். மேயர் கண்டித்தார், அதற்கு மேல் அவர் கையில் ஒன்றும் இருக்கவில்லை.

வரைபடப்_பிரியை (பம்பலப்பிட்டி)

நாலாவது கேள்வியை யாரும் தொடவில்லை. யாரையும் பிடிக்கத் தேவையில்லை. சபை கூடும் நாளில் பார்வையாளர் மாடம் எந்த நாட்டவருக்கும் இலவசம், குரொம்வெல் கிரீன் வாசலில் வரிசை. விமான நிலையம் மாதிரிச் சோதனை, பெரிய பெட்டி கொண்டுபோக முடியாது, வைத்துவிட்டுப் போக உள்ளே இடமும் இல்லை. பெட்டியை மான்செஸ்டர் ரயில் வந்து நிற்கும் யூஸ்டன் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டுப் போகட்டும்.

பிரதமர் கேள்வி நேரம் புதன் பகல் 12 மணி. அதற்கு அங்கே வதிபவர் தன் எம்.பி. மூலம் ரிக்கெற் கேட்கலாம், காத்திருப்போர் அதிகம், மாதக்கணக்கில் முன்பே கேட்க வேண்டும். ரிக்கெற் இல்லாதவர் வரிசையில் நின்றால் ரிக்கெற்காரர் போன பிறகுதான் இடம். கட்டடத்தைச் சுற்றிப் பார்க்கும் இலவசச் சுற்றுலாவும் மருமகளின் எம்.பி. அலுவலகம் வழியே கேட்கலாம். பிக் பென் கோபுரம் ஏற 334 படி, பார்வையாளருக்கு லிஃப்ட் இல்லை, அக்காவின் முழங்காலைக் கேட்டுவிட்டுப் பதியுங்கள்.

என் தெரிவு திங்கட்கிழமை. சபை பிற்பகல் 2:30க்குத்தான் தொடங்கும், ஆகவே காலை நெரிசல் நேர ரயிலுக்குக் கூடிய காசு கொடுக்க வேண்டியதில்லை. மான்செஸ்டர் பிக்கடிலி நிலையத்திலிருந்து யூஸ்டன் சுமார் 2 மணி 10 நிமிடம். அங்கிருந்து விக்டோரியா லைனில் கிரீன் பார்க், மாறி ஜூபிலி லைனில் வெஸ்ட்மின்ஸ்டர். முன்கூட்டி எடுக்கும் ரிக்கெற்றும் மாணவர் ரயில் அட்டையும் சேர்ந்தால் மூன்றில் ஒரு பங்கு குறையும், ஆனால் அட்டை மருமகளுக்கு மட்டும், அம்மாவுக்கு இல்லை. கோச்சில் போனால் மலிவு, ஐந்து மணித்தியாலம் வரை போகும், இறங்குவது விக்டோரியாவில். திங்கள் இரவு 10:30 வரை சபை நடக்கும், கடைசி ரயில் அதற்கு முன்பே போய்விடும், நேரத்தைப் பார்த்து எழும்பி வரட்டும்.

ஈஸ்டர், கோடை, கட்சி மாநாட்டுக் காலம், நத்தார் ஆகியவற்றில் சபை கூடாது. பட்டமளிப்பு டிசம்பர் நடுப்பகுதி தாண்டினால் விவாதம் பார்க்கக் கிடைக்காமல் போகலாம், பயணத் திகதி போடுமுன் பாராளுமன்ற நாட்காட்டியைப் பாருங்கள்.

மரைன்_டிரைவ்

ஃபாலோஃபீல்ட் விடுதிதான் எடுக்கிறதா இருக்கு, அப்ப ரஷோம் தொகுதி. இடையில வேற வீட்டுக்கு மாறினால் பழைய எம்.பி.யிட்ட குடுத்த விசா அலுவல் என்னாகும்?

கோவை_இலக்கம்

புதிய எம்.பி.க்கு மாற்ற வேண்டும். பழைய அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல்: முகவரி மாறிவிட்டது, கோவையைப் புதிய அலுவலகத்துக்கு அனுப்பச் சம்மதம் என்று. பழைய இலக்கத்தையும் உள்துறை கொடுத்த பதிலையும் புதியவருக்கு மருமகளே அனுப்பிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டி வராது. பதில் வரும் தறுவாயில் இருந்தால் சில அலுவலகங்கள் தாங்களே முடித்துத் தருவதும் உண்டு, கேட்டுப் பார்க்கலாம்.